எனக்கு ஊன்றின கல்லு

1

இந்தச் சித்திரை வந்தா நான் செத்து ஒரு வருசம். எனக்கு மொத வருசத் திதி குடுக்க வேண்டிய மாசம் இது. குடுக்க வேண்டியவன் என் தம்பி கருப்பையா. அவன் எள்ளும் தண்ணியும் எறைச்சாலும் அது கடல் தாண்டி லண்டன் வரைக்கும் வந்து சேராது. வந்து சேந்திருந்தா ஒரு ஏப்பம் விட்டுட்டு இதை எழுதியிருப்பேன்.

காரைக்குடியில பத்திரிகை நடத்துற ஒருத்தர் ரெண்டு வருசமா எனக்குக் கடுதாசி போட்டுக்கிட்டு இருக்காக. "சீமையில இருக்கீக, அங்குட்டு நடக்குற அதிசயத்தை எழுதுங்க, நம்ம சனம் படிக்கட்டும்"னு. பனி, பாலம், பூமிக்குள்ள ஓடுற ரயிலு, ராசா வீட்டு வாசல்ல நிக்கிற சிப்பாயி, இதெல்லாம் எதிர்பாப்பாக. அதை எழுத வேற ஆளு நெறைய இருக்கு. ஆறு மாசம் ஓட்டல்ல தங்கி, கோட்டு தச்சுக்கிட்டு, போட்டோ பிடிச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்பிப் புத்தகம் போடுற பெரிய மனுசங்க. நான் இருபத்தஞ்சு வருசமா இங்க அடுப்படியில நிக்கிறவன். எனக்கு எழுத இருக்கிறது ஒரு கல்லு. அந்தக் கல்லாலதான் நான் செத்தேன்.

மொதல்ல நான் ஆருன்னு சொல்லிடுறேன். பேரு சோலைமலை. நாட்டரசன்கோட்டைக்கு மேக்க ரெண்டு மைல்ல ஒரு கண்மாயும் அதைச் சுத்தி நாப்பது வீடும் இருக்கிற ஊரு. சம்சாரி குடும்பம். அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். அப்பன் போன பிறகு ஒரு செட்டியார் வீட்டு அடுப்படியில சேந்தேன். அவுக கூட ரங்கூனுக்குச் சமையலுக்குப் போயி, அங்கேருந்து கப்பல் அடுப்படிக்குப் போயி, கப்பல்லருந்து இங்க எறங்கினவன் திரும்ப ஏறவே இல்லை. நம்ம நாட்டுப் பயலுக பாரிஸ்டருக்குப் படிக்க வந்து தங்குற ஒரு விடுதியில இப்ப ரசம் வைக்கிறேன். ஊர்ல ஒரு பயலுக்குப் பருப்பு வேக வைக்கத் தெரியாது, இங்க வந்து ரசத்தைக் குடிச்சிட்டு இது என்ன சூப்புன்னு கேக்குறானுக.

பொஞ்சாதி ரோஸ், வெள்ளைக்காரி, சலவைக்கடையில இஸ்திரி போடுறவ. நல்லவ. ஒரே மக, மீனாட்சி. பள்ளிக்கூடத்துல அதை மின்னின்னு ஆக்கிட்டாக. இப்ப வீட்டுலயும் மின்னிதான். மீனாட்சின்னு கூப்பிட்டா வேற ஆரையோ கூப்பிடுறேன்னு நெனச்சுத் திரும்பாம உக்காந்திருக்கும். வயசு ஒம்பது. தமிழ்ல தெரிஞ்சது அப்பா, சோறுன்னு ரெண்டே வார்த்தை. அதுலயும் சோறு பிடிக்காது.

ஆத்தா ஊர்ல தம்பி வீட்டுல இருக்கா. அவளுக்கு எழுத்துத் தெரியாது. கண்ணு மட்டும் கழுகுக்கண்ணு.

2

ஒரு நா சாயங்காலம் டிராமுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். எதிர்ச்சாரியில ஒரு ஆளு, தாடிக்காரன், என்னைய ஏற எறங்கப் பாத்துக்கிட்டே நின்னான். டிராம் வந்து நான் ஏறப் போற நேரம் ஓடியாந்து கையைப் புடிச்சான். போலீசுன்னு நெனச்சுக் கையை உதறப் பாத்தேன். அவன் சொன்னான், "நீ நிக்கிற விதம் எனக்குப் பிடிச்சிருக்கு. எங்கிட்ட வந்து நில்லு, கூலி தாரேன்"னு.

நிக்கிறதுக்குக் கூலி. நம்ம ஊர்ல சும்மா நிக்கிறவனுக்கு வசவுதான் கிடைக்கும். போனேன்.

பேரு டாசன் துரை. சிற்பியாம். கொட்டகை ஒண்ணு வச்சிருந்தான், ஆட்டுக்கெடை அதை விடச் சுத்தமா இருக்கும். மூலைக்கு மூலை கல்லு. நம்ம புராணத்தை எல்லாம் இங்கிலீசுல படிச்சவன்னு அவனே சொல்லிக்கிட்டான். ஆடுற சிவனைச் செய்யப் போறேன், நீ சட்டையைக் கழட்டிட்டு எடது காலைத் தூக்கி நில்லுன்னான். மார்கழிக் குளிருன்னா என்னன்னு நீங்க நெனைக்கிறீக? நம்ம மார்கழியில ஒரு துண்டைப் போத்துனாப் போதும். இங்க குளிரு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு வாடகை கேக்கும். அதுல அரைத்துணியோட ஒத்தக்கால்ல நின்னேன். அரை மணியில வலது தொடை தீப்புடிச்ச மாதிரி ஆயிருச்சு. "கால் மாத்திக்கிறேன் துரை"ன்னேன். "கூடாது, சிவன் மாத்த மாட்டார்"னான்.

எனக்கு வந்ததே கோவம். எங்க சாமியைப் பத்தி எங்கிட்டயே சட்டம் பேசுறான். "மாத்தியிருக்காரு துரை, மதுரையில வந்து பாரு"ன்னேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசுல கதையைச் சொன்னேன். பாண்டிய ராசா ஆடக் கத்துக்கிட்டப்பத்தான் ஒத்தக்கால்ல நிக்கிற வலி அவருக்குத் தெரிஞ்சது. ஐயையோ, சாமி எத்தனை காலமா இப்படி நிக்கிறாரோன்னு அழுது, நீ கால் மாத்தலைன்னா என் தலையை வெட்டிக்குவேன்னு வாளை நட்டாரு. கண்ணைத் தொறந்து பாத்தா, சாமி கால் மாத்தி நிக்கிறாரு. இன்னைக்கும் வெள்ளியம்பலத்துல அப்படித்தான் நிக்கிறாரு. வேற ஊருக்கெல்லாம் இல்லாத அதிசயம் அது.

சொல்லிக்கிட்டே நானும் காலை மாத்தினேன். டாசன் எந்திரிச்சுக் கத்துனான். "அப்படியே நில்லு! மாத்தாத! ரெண்டுக்கும் நடுவுல நில்லு!" அன்னைக்கு ஆரம்பிச்சது, மூணு மாசம் ரெண்டுக்கும் நடுவுல நின்னேன். நடு நடுவுல டீ குடுக்கிறப்பக் கதை கேப்பான். சிதம்பர ரகசியம்னா என்னன்னு கேட்டான். திரையைத் தூக்குனா ஒண்ணும் இருக்காது, வெறும் வெளி, அதுதான் சாமின்னேன். கருப்பருக்கு உருவம் என்னன்னு கேட்டான். எங்க ஊர்ல ஒரு கல்லும் ஒரு அரிவாளும்னேன். கண்ணை மூடிக்கிட்டுத் தலையைத் தலையை ஆட்டினான். கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாக. இவன் கிண்ணத்தை வச்சுக்கிட்டே காத்திருந்தான்.

3

சிலைக்கு நிக்கிறது எனக்குப் புதுசு இல்லை. அதையும் சொல்லணும்.

எனக்குப் பதினெட்டு வயசுல நாட்டரசன்கோட்டையில செட்டியார் ஒருத்தர் புது வீடு கட்டுனாக. வீடா அது? முன்வாசல்ல நின்னு கூப்பிட்டா பின்வாசல்ல இருக்கிறவனுக்குக் கேக்காது. நான் அங்க சித்தாளு. முட்டை வெள்ளைக்கருவை ஊத்தி அரைச்ச சுண்ணாம்பைச் சுமக்குறது என் வேலை. முகப்புல சுதைப் பொம்மை வைக்க ஒரு கொத்தனார் வந்தாரு. நடுவுல லெச்சுமி, ரெண்டு பக்கமும் ஆனை, ஓரத்துல துப்பாக்கி பிடிச்ச வெள்ளைக்காரச் சிப்பாயி ரெண்டு பேரு. சிப்பாயிக்கு ஆளு வேணும்னு என்னைய நிக்கச் சொன்னாரு. துப்பாக்கிக்கு ஒரு மூங்கில் கம்பு.

நான் ரெண்டு காலையும் சமமா ஊன்றி நிக்கிறவன் இல்லை. பதிமூணு வயசுல எடது குதிங்கால்ல கருவேல முள்ளு ஏறி உள்ளேயே ஒடிஞ்சு போச்சு. ஆத்தா ஊசியை வச்சு நோண்டி எருக்கம்பால் விட்டுப் பாதியை எடுத்தா. மீதி உள்ள தங்கிருச்சு. நடந்தா தெரியாது, நின்னா குதிங்கால் தானா மேல வந்துரும். கொத்தனாரு மட்டக்கோலால முட்டியில ஒண்ணு வச்சு, "சிப்பாயி நொண்டுவானாடா? ரெண்டையும் ஊன்று"ன்னாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஊன்றினேன்.

அது சிலை. தொப்பி இருக்கு, மீசை இருக்கு, சட்டையில ஏழு பொத்தான், எண்ணிக்கலாம். மூஞ்சிக்கு ரோசாப்பூ நெறம், கண்ணுக்கு நீலம். இருந்துட்டுப் போகட்டும், அதுக்குள்ள நிக்கிறது நான்னு எனக்குப் பெருமை. ஒரு செவ்வாய்க்கிழமை அங்க இருக்கிற கண்ணாத்தா கோயிலுக்கு வந்த ஆத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டினேன். அண்ணாந்து ரொம்ப நேரம் பாத்தா. "இது நீ இல்லடா"ன்னுட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு ஊரைப் பாக்க நடந்துட்டா. பத்து நாளு அவகூட நான் சரியாப் பேசலை.

4

டாசன் துரை கல்லு முடிஞ்சு, பெரிய மண்டபம் ஒண்ணுல கொண்டு போயி நிறுத்தினாக. தொறக்கிற நாளுக்கு முன்னாடியே ஊருக்கு எழுதிட்டேன். பொறுக்குமா? "என்னைச் சிலையா வடிச்சிருக்காக, பிரபுக்கள் சிலை நிக்கிற மண்டபத்துல வைக்கப் போறாக, போட்டோ அனுப்புறேன்"னு நாலு பக்கம். தம்பி அதை ஊர் மடத்துல வச்சு வாசிச்சிருக்கான். நாப்பது வீட்டுக்கும் தெரியும், சோலைமலைக்குச் சீமையில சிலைன்னு.

அன்னைக்குக் கோட்டைப் போட்டுக்கிட்டு, ரோசையும் மின்னியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். மண்டபம் நெறைய ஆளு. நடுவுல கூட்டம். கூட்டத்துக்கு நடுவுல அது.

கல்லைக் கண்டா நாயைக் காணோம்னு ஊர்ல சொல்வாக. இங்க கல்லைக் கண்டேன், என்னைக் காணோம். ஆள் ஒசரம் ஒரு சாம்பல் கல்லு. தலை இல்லை, கை இல்லை, மூஞ்சி இல்லை. நடுவுல ஒரு ஓட்டை, கையை விட்டா அந்தப் பக்கம் வரும். கல்லு ஒரு பக்கமா ஒடிஞ்சு சாஞ்சு நிக்குது. அடியாவது ஒழுங்கா இருக்கான்னு பாத்தா, எடது பக்கம் பீடத்துல படவே இல்லை, ஒரு விரல் எடைவெளி. அடி மட்டமா வெட்டத் தெரியாத பயலைச் சிற்பின்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாக. நம்ம ஊர்ல ஆட்டுக்கல்லு கொத்துறவன் கூட இப்படி ஒரு கல்லை வெளியில விட மாட்டான், விட்டா மாவு ஒரு பக்கமா ஓடும்.

கீழ ஒரு அட்டை. அதுல தலைப்பு, "கால் மாறல்". அதுக்கும் கீழ, நின்னவன் சோலைமலைன்னு என் பேரு.

சுத்தி நின்னவுக பேசுன பேச்சு இருக்கே. ஒரு சீமாட்டி கைக்கண்ணாடியைக் கண்ணுல வச்சுக்கிட்டு, கீழ்த்திசையோட துக்கம் முழுக்க இதுல இருக்குன்னா. கீழ்த்திசையில இவ பாத்தது டீத்தூள் டப்பா ஒண்ணுதான். ஒரு கிழவர் அந்த ஓட்டை வழியா அண்டம் மூச்சு விடுதுன்னாரு. டாசன் துரையைக் கேட்டேன், "இந்த ஓட்டை என்ன துரை?"ன்னு. "நீ சொன்னியே, திரைக்குப் பின்னாடி வெறும் வெளின்னு. அதுதான்"னான். என் கதையை எனக்கே வித்தான். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், அதாவது பரவாயில்லை. இவன் கோணலே ஆட்டம்னான்.

மின்னி கல்லைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. குனிஞ்சு அந்த எடைவெளியில டிராம் டிக்கெட்டை விட்டு அங்கிட்டு எடுத்துச்சு. ரோஸ் அதட்டுனா. அது கேக்கலை. "அப்பா டிராமுக்கு நிக்கிறது"ன்னு இங்கிலீசுல சத்தமாச் சொல்லிச் சிரிச்சுச்சு. நாலு பேரு திரும்பி என்னையப் பாத்தாக. பெத்த மகளே கேலி பண்றான்னு எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. வீடு வர்ற வரைக்கும் அது கையைப் புடிக்கலை.

5

இனிமே நடந்ததுக்கு நானேதான் பொறுப்பு. டாசன் துரையைத் திட்டுற வாயால என்னையவும் திட்டிக்கிறேன்.

போட்டோ அனுப்புறேன்னு எழுதியாச்சு. துரை ஒரு படத்தை ரெண்டு பிரதியாக் குடுத்தான். அதைக் கையில வச்சுக்கிட்டு, இதுக்கு என்னன்னு எழுதுறதுன்னு பத்து நாளு உக்காந்திருந்தேன். இதுதான் நான்னு எழுதவா? ஊரு சிரிக்கும். இது நான் இல்லைன்னு எழுதவா? அப்ப நாலு பக்கம் எழுதினது பொய்யா? எழுத வெக்கப்பட்டு ஒண்ணை ரோஸ்கிட்ட குடுத்து, நீயே அனுப்பிடுன்னுட்டேன். அவ நல்ல மனசோட ஒரு அட்டை வாங்கி ஒட்டினா. சுத்திக் கருப்புக் கரை போட்ட அட்டை. இங்க அது அழகு. பின்னால என் பேரையும், மண்டபத்துல வச்ச தேதியையும் இங்கிலீசுல எழுதி, விலாசத்தையும் அவளே எழுதித் தபால்ல போட்டா. நான் அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

நம்ம சனத்துக்கு நான் மேல சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்றேன். எங்க பக்கம் ஓரத்துல கருப்பு தடவின கடுதாசி வந்தா அது எழவுக் கடுதாசி, பிரிக்கும் முன்னயே வீட்டுல அழுகை கெளம்பிரும். அதே மாதிரி, ஒரு ஆளு பேருக்கு மொட்டைக் கல்லு ஒண்ணை நிறுத்துனா அவன் செத்துட்டான்னு அர்த்தம். கருமாதி வரைக்கும் அந்தக் கல்லுதான் செத்தவன். அதுக்குத்தான் தண்ணி ஊத்துவாக, சோறு வைப்பாக. பதினாறாம் நாளு பிடுங்கிக் கண்மாயில விட்டாக் கணக்குத் தீந்துச்சு.

ஊருக்குப் போனது என்னன்னா, ஓரத்துல கருப்பு, நடுவுல மொட்டைக் கல்லு, பின்னால ஆரோ ஒரு பொம்பளை கையெழுத்துல என் பேரும் ஒரு தேதியும். என் கையெழுத்து ஒரு எழுத்து இல்லை. மூஞ்சியும் மீசையுமாச் சிலையை எதிர்பாத்தவுக, இதுதான் அந்தச் சிலைன்னு எப்படி நெனைப்பாக?

6

மூணு மாசம் கழிச்சு ரோஸ் பேருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. காரைக்குடியில மனு எழுதுற ஆளைப் பிடிச்சு, தம்பி இங்கிலீசுல எழுத வச்சது. "மதிப்புக்குரிய அம்மணி"ன்னு ஆரம்பம். என் அண்ணன் இறந்த செய்தி படத்தோட கிடைச்சது, நீங்க அவருக்குச் சீமை வழக்கப்படி நல்ல கல்லா ஊன்றினதுக்கு நன்றி, நாங்களும் ஊர் வழக்கப்படி கல் ஊன்றிக் கருமாதி முடிச்சுட்டோம், நிலத்தை மாத்துறதுக்குச் சர்க்கார் மரணப் பத்திரம் ஒண்ணு வேணும், தயவு செஞ்சு அனுப்பவும். இவ்வளவுதான். ரோஸ் வாசிக்க வாசிக்க நான் அடுப்படியில நின்னு கேட்டேன். ஆத்தாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

தம்பியை நான் என்ன சொல்றது? பத்திரத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி ஒரு வரி, ஆத்தா எப்படி இருக்கான்னு எழுதியிருக்கலாம். எழுதலை. பெத்தவகிட்டப் போயி உன் மகன் செத்துட்டான்னு சொல்லியிருக்கானுக. கல்லை ஊன்றி அவ கையாலயே தண்ணி ஊத்த வச்சிருப்பானுக. அதைத் தாங்குனாளா, அதோட போயிட்டாளா? நான் வெக்கப்பட்டு எழுதாம விட்ட ஒரு வரி அவளைக் கொன்னிருக்குமா? அன்னைக்கு விடுதியில ரசம் உப்புக் கரிச்சதுன்னு பாரிஸ்டர் பயலுக தட்டைத் தள்ளிட்டானுக.

சர்க்கார் மூலமாத் தந்தி அடிச்சா ஊருக்கு நம்பிக்கை வரும்னு, இந்தியாக்காரங்க விவகாரம் பாக்குற ஆபீசுக்குப் போனேன். ரெண்டு மணி நேரம் பெஞ்சு. ஒரு குமாஸ்தா, காலர் கழுத்தை அறுத்துக்கிட்டு இருக்கு, "என்ன வேணும்?"னான். "நான் உசிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும்"னேன். "பென்சன்காரரா?"ன்னான். இல்லைன்னேன். "பென்சன் வாங்குறவருக்குத்தான் உசிரோட இருக்கேன்னு நிரப்புற பாரம் உண்டு. மத்தவுகளுக்குச் செத்த பாரம் மட்டுந்தான்"னான்.

"செத்த பாரத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? உங்க முன்னாடி நிக்கிறேனே, கண்ணு தெரியலையா?"

"நிக்கிறது நீதாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

என் பையில இருந்தது அந்த மண்டபத்துக் கல்லுப் படம் ஒண்ணுதான். அதைக் காட்டுனா நானே செத்த பாரத்தை நிரப்ப வேண்டியிருக்கும். எந்திரிச்சு வந்துட்டேன்.

என் கையாலயே தமிழ்ல எழுதிப் போட்டேன். தம்பிக்கு இல்லை, ஆத்தா பேருக்கு, ஊர் வாத்தியார் மேற்பார்வைன்னு. "ஆத்தா, நான் சாகலை. அது கல்லறைக் கல்லு இல்லை, கிறுக்கன் ஒருத்தன் செஞ்ச பொம்மை. என் மேல கோவிச்சுக்கிட்டாவது பதில் போடு"ன்னு.

7

கப்பல் தபால் போக மூணு வாரம், வர மூணு வாரம். எட்டு வாரம் ஆச்சு, ஒண்ணையும் காணோம். பத்து வாரம் ஆச்சு. தபால்காரன் செருப்புச் சத்தத்தை வச்சே அவன் நம்ம வாசல்ல நிப்பானா போவானான்னு சொல்ற அளவுக்குப் பழகிட்டேன். ரோஸ் சொன்னா, அவுக நல்லா இருப்பாகன்னு. எப்படித் தெரியும்னு கேட்டேன். அவ அடுத்த சட்டையை எடுத்து இஸ்திரி போட்டா.

பதினோராவது வாரம் வந்துச்சு. வாத்தியாரு கையெழுத்து. மேல ஒரு வரி அவரு சொந்தமா எழுதியிருந்தாரு, "உங்க தாயார் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு உத்தரவு, ஆகவே பிழை பொறுக்கவும்"னு. கீழ இருந்ததை அப்படியே இங்க எழுதுறேன்.

"ஏலே சோலை. ஆத்தா பேசுறேன். வாத்தியாரு எழுதுறாக. நீ சாகலைன்னு எழுதியிருக்க. நீ எழுதித்தான் எனக்குத் தெரியணுமா.

"ஒந்தம்பி கருப்பு தடவுன அட்டையைக் கொண்டாந்து காட்டுனான். ஊரே கூடி அழுதுச்சு. நான் அழுகலை. பெத்த வயிறு கல்லாப் போச்சுன்னு பேசுனாக. பேசட்டும். அதை வாங்கி வெயில்ல வச்சுப் பாத்தேன். மூஞ்சி இல்லை. கையி இல்லை. வயித்துல ஓட்டை. செஞ்சவன் கையில புண்ணு பொறப்பட. ஆனா எடது பக்கத்தைக் கீழ படாமத் தூக்கிக்கிட்டு நிக்குது. இடுப்பு அங்குட்டு ஒடியுது. எம்மகன் நிக்கிற நெலை எனக்குத் தெரியாதா. அன்னைக்குச் செட்டியார் வீட்டு முகப்புல ஒரு பொம்மையைக் காட்டுனியே, பொத்தானும் தொப்பியுமா, ரெண்டு காலையும் நல்லா ஊன்றிக்கிட்டு. அது நீ இல்லை. இதுதான் நீ.

"செத்தவனுக்கு வச்ச கல்லு மண்ணுக்குள்ள ஆழமாப் போயி நிக்கும். இது வலிக்குதுன்னு தூக்கிக்கிட்டு நிக்குது. செத்தவனுக்கு எங்குட்டு வலிக்கும்னு கேட்டேன்.

"ஒந்தம்பி கேக்காமக் கண்மாய்க்கரையில கல்லு ஊன்றுனான். போயிப் பிடுங்கித் தண்ணிக்குள்ள எறிஞ்சேன். வேற கல்லு ஊன்றுனான். அதையும் எறிஞ்சேன். அதுக்கு மேல கரையில நானே போயி உக்காந்துக்கிட்டேன், என்னைய ஊன்றுங்கடான்னு. கருமாதி நடக்கலை. நடந்துச்சுன்னு எழுதுனது பொய்யி. அவனும் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"இத்தனை வருசமா அந்த முள்ளை எடுக்கலையா. அந்த ஊர்ல எருக்கு மொளைக்காதா. ஒம் பொஞ்சாதிக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா. இங்குட்டு வா. நான் எடுத்து விடுறேன். கண்ணு இன்னும் நல்லாத்தான் தெரியுது."

8

அந்தக் கடுதாசியை நான் எத்தனை தரம் வாசிச்சேன்னு எழுத மாட்டேன். அடுப்படியில உக்காந்து அழுதேன், அது நெசம்.

டாசன் துரை இப்ப பெரிய ஆளு. பத்திரிகையில படம் வருது. என் ஆத்தா சொன்னதை அவங்கிட்ட நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். சொன்னா அதுக்கும் ஒரு ஓட்டையைப் போட்டு மண்டபத்துல வச்சுருவான். அந்தச் சீமாட்டிக்கும், அண்டம் மூச்சு விடுதுன்னு சொன்ன கிழவருக்கும் இன்னும் நான் பதில் சொல்றதா இல்லை. அவுக பாத்தது கீழ்த்திசை. மின்னியும் ஆத்தாவும் பாத்தது என்னை. ஒருத்தி பேசுறது இன்னொருத்திக்கு ஒரு எழுத்துப் புரியாது, ஒருத்திய ஒருத்தி பாத்ததும் இல்லை.

போன ஞாயித்துக்கிழமை மின்னியை மட்டும் கூட்டிக்கிட்டு மண்டபத்துக்குப் போனேன். கல்லு அப்படியே நிக்குது. கீழ்ப்பக்கத்தைக் குனிஞ்சு பாத்தேன். அந்த எடைவெளியில உளித்தடம் ஒண்ணு ஒண்ணும் அளந்து போட்ட மாதிரி இருக்கு. தெரியாம விட்ட எடைவெளி இல்லை அது. பெஞ்சுல உக்காந்து பூட்சையும் காலுறையையும் கழட்டிக் குதிங்காலை மின்னிக்குக் காட்டினேன். காவக்காரன் ஓடியாந்து, இங்க செருப்பைக் கழட்டக் கூடாதுன்னான். எங்க ஊர்ல சாமி இருக்கிற எடத்துல போடத்தான் கூடாது. மின்னி கட்டைவிரலை வச்சு அமுக்குச்சு. வலிக்குதான்னு இங்கிலீசுல கேட்டுச்சு. வலிக்குதுன்னு தமிழ்ல சொன்னேன். அது அந்த வார்த்தையை ரெண்டு தரம் சொல்லிப் பாத்துக்கிருச்சு.

மறுநாளு பாஸ்போர்ட்டுக்குப் பாரம் வாங்க அதே ஆபீசுக்குப் போனேன், எனக்கும் மின்னிக்கும். அதே காலர்க்காரக் குமாஸ்தாவை இப்ப இந்தப் பக்கத்து மேசையில போட்டிருக்காக. என்னைய அவனுக்கு அடையாளம் தெரியலை, தெரிஞ்சாத்தான் அதிசயம். பாரத்துல பயணத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம். அதுல முள்ளு எடுக்கன்னு இங்கிலீசுல எழுதிக் குடுத்தேன். அவன் மூக்குக்கண்ணாடியை எறக்கி ரெண்டு தரம் வாசிச்சான்.

"இதுக்கு லண்டன்ல டாக்டர் இல்லையா?"ன்னான்.

இல்லைன்னேன்.